சட்டம் தந்த ஸ்டூல் எங்கே?

தமிழ்நாட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் வேலை நேரத்தில் உட்காரலாம். முதலாளி மனமிரங்கித் தருகிற சலுகை இல்லை இது, சட்டம் தந்த உரிமை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவை 2021 செப்டம்பரில் சட்டமன்றம் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நின்றே தீர வேண்டிய நிலை கூடாது. பிரிவு சொல்வது இவ்வளவுதான். ஒரு மூச்சில் படித்து முடிக்கலாம்.

இப்போது எந்த ஊரின் கடைவீதிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சென்னை தியாகராய நகர், மதுரை, திருச்சி, திருநெல்வேலி, கோவை என்று எங்கே போனாலும் சரி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் இரண்டாவது மாடிக்கு ஏறுங்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு வரிசையாக ஸ்டூல் கிடக்கும். அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணுக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அதன்மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஆய்வாளர் வந்தால் எடுத்துக் காட்டுவதற்கான ஸ்டூல் அது. ஒழுங்காக இருக்கை போட்டு உட்காரவும் விடுகிற கடைகள் உண்டு. அவற்றை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் சட்டம் கேட்டது சில நல்லவர்களின் நல்ல மனதை இல்லை.

இந்த நிலையை வன்மையாகக் கண்டிக்கிறோம். கடை முதலாளிகளுக்கு முன்பாகத் தொழிலாளர் துறையைக் கண்டிக்கிறோம். சட்டத்தை மதிக்காத வியாபாரி தவறு செய்கிறார். மதிக்க வைக்கச் சம்பளம் வாங்கும் துறை அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தவறு.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதைத் துறைக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எந்த அமைச்சரின் கனவிலும் உதித்தது இல்லை இது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தொடங்கிய கதை. தையற்கடை ஒன்றில் சிறு வயதில் உதவியாளாக வேலைக்குச் சேர்ந்த விஜி என்ற பெண், 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. நூற்றுக்கணக்கான கடைகள் உள்ள தெருவில் வேலைக்கு வரும் பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் உட்காரும் உரிமை. 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் சிலர், உட்கார அனுமதி கேட்டார்கள் என்பதற்காக இடமாற்றம் செய்யப்பட்டார்கள். கடை வாசலில் அவர்கள் நடத்திய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. மலையாளத்தில் அதற்கு 'இரிக்கல் சமரம்' என்று பெயர். உட்காரும் போராட்டம். நாள்முழுக்க நிற்க வைக்கப்பட்டவர்கள் தெருவில் உட்கார்ந்து காட்டினார்கள்.

எண்ணிக்கையில் சில பேர்தான். பின்னால் பெரிய கட்சி இல்லை, பெரிய சங்கமும் இல்லை. கடைப்பெண்களின் கால்வலி எந்தப் பெரிய தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் அதுவரை முதல் பக்கத்தில் இடம்பெறவில்லை. ஆகவே தாங்களே சங்கம் கட்டினார்கள், மனு எழுதினார்கள், அமைச்சர்களைப் பார்த்தார்கள், தொழிலாளர் துறை அலுவலகத்தின் படியேறி இறங்கினார்கள். 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது.

கேரளத்தைக் காட்டித் தமிழ்நாட்டின் தொழிற்சங்கங்களும் பெண் தொழிலாளர் அமைப்புகளும் கேட்டன. 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் இந்த யோசனை வைக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது. அந்த வாரியத்தில் முதலாளிகள் தரப்புக்கும் இடம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் கொரோனா வந்தது, ஆட்சி மாறியது. 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதாவை அவையில் வைத்தார். கடை ஊழியர்கள் பணிநேரம் முழுவதும் நிற்க வைக்கப்படுவதால் பலவித உடல்நலக் கோளாறுகளுக்கு ஆளாகிறார்கள் என்று மசோதாவின் நோக்க உரையே ஒப்புக்கொண்டது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான் என்று பெருமையும் பட்டுக்கொண்டோம்.

பெருமைப்பட அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு இந்த உரிமையை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டது. நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அதன் 44ஆம் பிரிவு சொன்னது. மில்லில் நின்றவருக்கு 1948இல் கிடைத்தது கடையில் நின்றவருக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின. நம்மை ஆண்ட பிரிட்டனோ தன் ஊர்க் கடைப்பெண்களுக்கு 1899இலேயே தனிச் சட்டம் போட்டது. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று எண்ணிக்கையையும் எழுதிவைத்தது. அந்தக் காலத்துக் கடைப்பெண்களுக்காகச் சங்கம் கட்டி உழைத்த மார்கரெட் பாண்ட்ஃபீல்ட், தாமும் பதினான்கு வயதிலேயே கடை வேலைக்குப் போனவர். 1929இல் அந்நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார். கிடைத்த துறை தொழிலாளர் துறை. இங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் கோட்டையில் அந்த நாற்காலிக்கு வரும் நாள் எப்போது என்று கேட்டால் சிரிப்பார்கள். போகட்டும்.

1899இன் சட்டத்தில் இருந்து நம் 2021இன் சட்டத்தில் இல்லாமல் போனது எண்ணிக்கைதான். எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்று 22-ஏ சொல்லவில்லை. எங்கே போட வேண்டும் என்று சொல்லவில்லை. கவுண்டருக்குப் பக்கத்திலா, மூன்று மாடி கீழே கிடங்கிலா? 'தகுந்த' இருக்கை என்கிறது. தகுந்ததா என்று பார்ப்பவர் யார்? 'வாய்ப்பு வரும்போது' உட்காரலாம் என்கிறது. வாய்ப்பு வந்துவிட்டது என்று முடிவு செய்பவர் யார்? சட்டம் வாய்மூடி நிற்கும் இந்த இடங்களில் எல்லாம் ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து பேசுகிறார்.

அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று கடைக்குப் போகிற யாரும் கேட்டிருக்கலாம். மத்தியான நேரம், கூட்டம் குறைந்திருக்கும். முப்பது புடவை பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் ஒரு குடும்பம் எழுந்து போயிருக்கும். அந்தப் பெண் ஒவ்வொன்றாய் மடிக்கிறாள். உடம்பை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த டைல்ஸில் பாதத்தை வைக்கிறாள். முதுகை ராக்கில் மெல்லச் சாய்க்கிறாள். எங்கிருந்தோ வந்துவிடுவார்: "என்னம்மா, சாய்ஞ்சு நிக்கிற? உடம்பு முடியலேன்னா லீவு போட்டுட்டு வீட்டுல படுத்துக்க வேண்டியதுதானே?" அவள் நிமிர்ந்துவிடுவாள். "இல்லண்ணே" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கூரையில் கேமரா இருக்கிறது. லீவு போட்டால் சம்பளம் போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரட்டிப்பாய்ப் பிடிக்கிற கடைகளும் உண்டு.

அந்தப் பெண்ணிடம் 22-ஏ பிரிவைக் காட்டி உட்காரச் சொல்வது எளிது. மறுநாள் அவளுக்கு மாடிப்படி ஓரத்தில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைக்கும், அல்லது வேலையே இருக்காது. பெரிய கடைகளில் வேலைக்கு வருவோரில் கணிசமானவர்கள் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து கடை விடுதியிலேயே தங்குபவர்கள். வேலை போனால் படுக்கிற இடமும் போகும். இப்படிப்பட்டவரிடம் "நீங்களே முன்வந்து புகார் கொடுங்கள்" என்று ஒரு அரசுத் துறை சொல்லுமானால் அது நழுவல்தான்.

நாள் முழுக்க நின்றால் என்னதான் ஆகும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, பாதத்தில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிக்கொடுக்கிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. ரத்தம் காலிலேயே தேங்கும். ரத்தக்குழாயின் வால்வுகள் நாளடைவில் தளர்ந்துபோகும். நரம்பு சுருட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த வெரிகோஸ் வெயின் இப்படி வருவதுதான். சாயங்காலம் செருப்பு கடிக்கிற அளவுக்குக் கால் வீங்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாதவிடாய் நாளில் நிற்பது எப்படி இருக்கும் என்று சூப்பர்வைசரிடம் சொல்ல முடியாது. கழிப்பறை தூரம், போய்வர நிமிடக் கணக்கு. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வருகிறது. இதில் இன்னொரு கொடுமை. பல கடைகளில் பெண்கள் கழிப்பறைக்குப் போவதே ஐந்து நிமிடம் உட்காருவதற்காகத்தான். பல லட்சம் ரூபாய்க்குப் பளிங்கு பதித்த கடையில் ஊழியருக்கு உட்காரக் கிடைத்த ஒரே இடம் அது என்பது யாருக்கு அவமானம்?

இரவு கடை மூடியபின் அந்தப் பெண் ஏறுகிற அரசு நகரப் பேருந்தில் அவளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணமில்லாப் பயணம் உண்மையிலேயே நல்ல திட்டம், பெண்களின் கையில் காசு மிஞ்ச வைத்த திட்டம். அந்தப் பேருந்தில் இடம் கிடைத்தால் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாக உட்காருகிறாள். பேருந்தில் பெண்கள் செய்த பயணங்களைக் கோடிக்கணக்கில் எண்ணிச் சொல்லத் தெரிந்த அரசுக்குக் கடைகளில் ஸ்டூல்களை எண்ண ஏன் தெரியவில்லை?

வியாபாரிகள் தரப்பில் வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாகப் படும் என்பது ஒன்று. வங்கியில் பணம் எண்ணித் தருபவர் உட்கார்ந்திருக்கிறார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் உட்கார்ந்திருக்கிறார். பூக்காரம்மா உட்கார்ந்தபடிதான் முழம் போடுகிறார். கல்லாவில் முதலாளியும் உட்கார்ந்துகொண்டுதான் நம்மிடம் பணம் வாங்குகிறார். இவர்களில் யாரும் நம்மை அவமதித்ததாக நமக்குத் தோன்றியதில்லை. நம் ஊரின் பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டை விசிறிப் போடுவார். சில ஊர்களில் பட்டுப் பிரிவில் இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது. மரியாதை குறைகிறது என்று அங்கே யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை. அடுக்குமாடிக் கடைகளும் கண்ணாடிக் கவுண்டர்களும் வந்தபிறகு முளைத்த வழக்கம்தான் இந்த நிற்பது. அதற்கு மரபு என்ற சாயம் பூச வேண்டாம்.

இடம் இல்லை என்பது இன்னொரு காரணம். ஒரு ஸ்டூலுக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். தீபாவளிக்கு ஆளுயரப் பொம்மையும் அலங்கார வளைவும் வைக்க இடம் கண்டுபிடிப்பவர்கள் இதற்கும் கண்டுபிடிக்கலாம்.

இந்த வாதங்களை வியாபாரிகள் சொல்வது அவர்கள் உரிமை. அவற்றை அரசு காதில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வதுதான் நமக்கு ஆத்திரமூட்டுகிறது. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகள் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2022இல் மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி வந்தது. கெடு முடிகிற சமயத்தில், 2025இல், மேலும் மூன்று ஆண்டுகளுக்கு அது நீட்டிக்கப்பட்டது. வணிகர் அமைப்புகள் கேட்டன, அரசு கொடுத்தது. கேட்டவர்களுக்குக் கிடைக்கிற வேகத்தைப் பாருங்கள். அந்த ஆணையிலேயே ஊழியருக்கு ஓய்வறையும் கழிப்பறையும் இருக்க வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க எழுத்தில் சம்மதம் வேண்டும், போக்குவரத்து ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. அனுமதியை நீட்டிக்கும் முன் இந்த நிபந்தனைகள் எத்தனை கடைகளில் நிறைவேறின என்ற கணக்கை அரசு மக்கள் முன் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. இப்படித்தான் நடக்கிறது: முதலாளிக்கான வாசகம் மட்டும் அமலுக்கு வருகிறது, தொழிலாளிக்கான வாசகம் அரசிதழில் தூங்குகிறது.

துறைக்கு ஆய்வு செய்யத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் காந்தி ஜெயந்திக்கும் மறுநாள் நாளிதழைப் புரட்டினால் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் இருக்கும்: விடுமுறை அளிக்காத இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) தகவல். ஒரே நாளில் மாவட்டம் முழுக்கச் சுற்றி எண்ணிக் கணக்குக் கொடுக்க அவர்களால் முடிகிறது. எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா, பொட்டலத்தில் விலை அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கிறவர்களும் இதே துறையினர்தான். 22-ஏ பிரிவுக்கும் அவ்வப்போது ஆய்வு நடந்ததாகச் செய்திக்குறிப்பு வரும். மாடிக்கு ஏறுகிறார்கள், ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், இருக்கிறது என்று காட்டுகிறார்கள், படிவத்தில் டிக் அடித்து இறங்குகிறார்கள். அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிற ஆய்வுதான் தேவை. அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆடித் தள்ளுபடி சமயத்தில், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில். எடைக்கல்லைச் சோதிக்க முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போவதில்லையே.

ஓய்வு நேரத்தையும் அதே நடையில் பார்த்துவிடலாம். நான்கு மணி நேரம் வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் சட்டம் முதலிலிருந்தே சொல்லி வருகிறது. இருபது நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு மாடியேறுகிற பெண்களிடம் கேட்டால் அப்படி ஒரு வரி இருப்பதையே அறியாமல் இருப்பார்கள். சட்டத்துக்கு முக்கால் நூற்றாண்டு வயது கடந்துவிட்டது.

இன்னொரு குற்றச்சாட்டு, இது கட்சிகளுக்கு. பெண்கள் போராடிச் சட்டம் வாங்கும்வரை அவர்களுக்கு மேடை கிடைக்கிறது, மாலை கிடைக்கிறது, மகளிர் தினத்தில் பாராட்டும் கிடைக்கிறது. சட்டம் வந்த மறுநாள் அவர்கள் மனுதாரர்களாகத் திரும்பிவிடுகிறார்கள். அமல்படுத்தும் வழிமுறையை யோசிக்கும் அறையில் அதிகாரி இருப்பார், வணிகர் சங்கத் தலைவர் இருப்பார். எட்டு ஆண்டுகள் பட்டுப்பிரிவில் நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்ட பெண் இருக்கமாட்டாள். ஸ்டூல் எவ்வளவு உயரம் இருந்தால் கவுண்டருக்கு எட்டும், எங்கே போட்டால் நடைபாதையை மறிக்காது, மதியம் எந்த மணியில் கூட்டம் குறையும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கோட்டையில் யாரும் இல்லை. அவளைக் கேட்காமல் எழுதிய பிரிவு என்பதால்தான் அதில் எண்ணிக்கையும் இல்லை, இடமும் இல்லை.

பெரிய தொழிற்சங்கங்களும் இதில் தப்ப முடியாது. கடை ஊழியரைச் சங்கத்தில் சேர்ப்பது கடினம்தான். ஆள் அடிக்கடி மாறுவார், விடுதிக்குள் நுழைய முடியாது, உறுப்பினர் சந்தா பெரிதாகத் தேறாது. அதெல்லாம் உண்மை. கோழிக்கோட்டுப் பெண்களுக்கும் அதே கஷ்டங்கள் இருந்தன என்பதும் உண்மை. இங்கே மே தின ஊர்வலம் ஜவுளிக்கடை வாசலைக் கடந்து போகிறது. உள்ளே அன்று விடுமுறை விடப்பட்டதா என்று எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. மாநில மகளிர் ஆணையத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. புகார் வந்தால்தான் எழுவோம் என்று இருக்காமல் ஒரு நாள் கடைவீதியில் நடந்துவிட்டு வரலாம்.

2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது ரங்கநாதன் தெருவின் கடை ஊழியர்களைப் பார்த்து ஊரே கண்ணீர்விட்டது. படம் ஓடிய திரையரங்கிலிருந்து வெளியே வந்த நாம் அதே ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பில் போடும்போது பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கத் தெரிந்த நமக்கு, "இந்தப் பொண்ணுக்கு உட்கார ஸ்டூல் எங்கே?" என்று மேனேஜரிடம் கேட்க வாய் வருவதில்லை.

தொழிலாளர் துறை செய்ய வேண்டியவை கஷ்டமானவையும் இல்லை, காசு பிடிக்கிறவையும் இல்லை. 22-ஏ பிரிவைத் தெளிவாக்கி விதி எழுத வேண்டும். இரண்டு ஊழியருக்கு ஓர் இருக்கையாவது, அவர்கள் வேலை பார்க்கும் தளத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அதில் வர வேண்டும். பொருள் பார்க்க எதிரே ஆள் இல்லாத நேரமெல்லாம் உட்காரலாம், அதற்குச் சூப்பர்வைசரின் அனுமதி தேவையில்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடித்தாலோ இடம் மாற்றினாலோ அது தனிக் குற்றம் என்று ஆக வேண்டும். அபராதம் ஒரு கடையின் ஒரு மணி நேர விற்பனைக்குக்கூட ஈடாகாத தொகையாக இருந்தால் அதை யாரும் மதிக்கப் போவதில்லை. இரண்டாம் முறை பிடிபட்ட கடைக்கு 24 மணி நேர அனுமதியை நிறுத்தி வைக்கலாம். அந்த மருந்துதான் உடனே வேலை செய்யும்.

விதியை எழுதும் குழுவில் கடைப்பெண்களும் அவர்களுக்காகப் பாடுபடும் பெண் தொழிலாளர் அமைப்புகளும் இருந்தே தீர வேண்டும். பேர் சொல்லாமல் புகார் தர ஒரு தொலைபேசி எண் வேண்டும். அந்த எண் ஒவ்வொரு கடையின் பில்லிங் கவுண்டரிலும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஆய்வுக்குப் போகிற அலுவலருடன் ஒரு பெண் பிரதிநிதி போக வேண்டும், முதலாளி பக்கத்தில் இல்லாத இடத்தில் ஊழியரோடு பேச வேண்டும். சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் தொழிலாளர் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் இந்தப் பிரிவின்கீழ் எத்தனை கடைகள் பார்க்கப்பட்டன, எத்தனை தவறியிருந்தன, எவ்வளவு அபராதம் வசூலானது என்று தனித்தலைப்பில் மாவட்டவாரியாக வர வேண்டும். மற்ற பிரிவுகளோடு சேர்த்துக் கூட்டிக் காட்டுகிற மொத்தக் கணக்கை ஏற்க முடியாது.

சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதியின் கடைவீதியில் ஒரு நாள் ஏறி இறங்கிவிட்டு அடுத்த மானியக் கோரிக்கையில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு அந்தக் கவுண்டர்களில் துண்டறிக்கை கொடுத்தபோது வழி தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

நிற்கிற பெண்கள் இனிப் புதிதாக எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. கேட்டு, போராடி, மன்றத்தில் வாங்கி முடித்துவிட்டார்கள். பாக்கி இருப்பது அரசின் வேலை. இந்தத் துறையின் அமைச்சர் நாற்காலியில் யார் அமர்ந்திருந்தாலும் அவருக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த தீபாவளி விற்பனை தொடங்கும் முன் விதிகளை அரசிதழில் வெளியிடுங்கள், முதல் ஆய்வறிக்கையைப் பொங்கலுக்குள் மக்கள் முன் வையுங்கள்.